சரிப்பாவுக்கு வந்த கண்டிப்பு

பேருந்து டிப்போவில் எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எந்தத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. கேட்பதற்குப் பெரிய அதிகாரம் போல இருக்கும். உண்மையில் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, பொழுது விடிந்ததும் ஊரார் வயிற்று வலி, முதுகு வலி, மச்சினன் கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்க வேண்டும். இவரும் கேட்பார். கேட்டுவிட்டு எல்லோருக்கும் "சரிப்பா, போயிட்டு வா" என்பார். அதனால் டிப்போ முழுக்க அவருக்குச் சரிப்பா என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

லீவு கேட்பவர்களில் முதல் இடம் ஒப்பாரி என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்கு. அவனும் ஓட்டுநர்தான். லீவு வேண்டும் என்றால் அவன் வீட்டில் யாராவது செத்துப் போவார்கள். அவனுடைய தாத்தா மட்டும் வெயில் காலத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு ஒருமுறை என்று தவறாமல் காலமாகிக்கொண்டிருந்தார். சரிப்பாவுக்கு அது தெரியாமலில்லை. "போன தடவையும் தாத்தாதானேப்பா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். "அது அம்மாவோட அப்பாண்ணே" என்றான். "அதுக்கு முந்தின தடவை?" என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. துக்க வீட்டுக்குப் போகிறவனை எதற்கு நோகடிப்பது என்று விட்டுவிட்டார். விளைவு, பாதி வண்டிகள் கிளம்பாமல் நிற்கும், பயணிகள் கூச்சல் போடுவார்கள், டிப்போ மேனேஜர் வந்து சரிப்பாவை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்குவார். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே நிற்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருடத்துக்குள் டிப்போவே நடுங்கும் ஆளாகிவிட்டார் என்றால் நம்ப முடிகிறதா? அவராலேயே நம்ப முடியவில்லை.

எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருநாள் ஒரு ஓட்டுநர் வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினான். சரிப்பா வழக்கம்போல் பரிதாபப்பட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எதிரே நின்றவன் கண்ணுக்கு அவர் இமைகூடக் கொட்டாமல் முறைப்பது போல் பட்டது. வழுக்கியவன் கதையிலேயே பாதியில் எழுந்து நின்றுவிட்டான். "அவ்வளவு ஒண்ணும் வலிக்கலண்ணே, வண்டி எடுத்துட்டுப் போறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். சரிப்பா திகைத்துப் போனார். சரிப்பா என்று சொல்வதற்கே வாய்ப்பில்லாமல் போயிற்றே!

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவர் குரல் இறங்கிப் போனது. அவர் வாயைத் திறந்தால் டிப்போ மொத்தமும் வாயை மூடிக்கொண்டது, இல்லாவிட்டால் காதில் விழாது. கரும்பலகையில் பணி ஒதுக்கீட்டை எழுதும்போது முதல் எழுத்து நன்றாக இருக்கும், வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்தது போல் சிறுத்துவிடும். ஓட்டுநர்கள் பலகையில் மூக்கு உரசப் படித்துவிட்டு, "வேணும்னே எழுதுறாரு, நாம தப்பாப் படிச்சு மாட்டணும்னு" என்று பேசிக்கொண்டார்கள். நடக்கும்போது வலது கை ஆடாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ராணுவத்தில் இருந்தவரோ என்று புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் ஒருவர் விசாரித்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. யாருக்கு மெமோ கொடுக்கலாம் என்று விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது.

வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. காத்திருப்போர் அறையில் உபரி ஓட்டுநர்கள் வேலையில்லாமல் கொட்டாவி விட்டார்கள். மேனேஜர் அவரை முதல் தடவையாக எதிரே உட்காரச் சொன்னார். "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே. கன்ட்ரோலர் பதவி காலியாகுது. மேலிடத்துல உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். இதே கண்டிப்போட இருங்க" என்றார்.

சரிப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவருக்குப் பயந்ததில்லை. தெரு நாய்கூட அவரைப் பார்த்துக் குரைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. கன்ட்ரோலர் என்றால் தனி அறை, சுழலும் நாற்காலி, உள்ளே வருமுன் கதவைத் தட்டியாக வேண்டும் என்ற சட்டம். அன்று முதல் சரிப்பாவும் தன் பங்குக்குக் கண்டிப்பைக் காட்டினார். வண்டி ஓட்டும்போது ஓட்டுநர் கைபேசியை அணைத்தே வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. மனைவி, கணவருக்குத் தன்மேல் ஏதோ தீராத கோபம் என்று முடிவு கட்டிவிட்டாள். "ஏங்க இப்படி இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையே" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஒன்றுமில்லாமல் ஒருவர் இப்படிப் பார்ப்பாரா? எதையோ கண்டுபிடித்துவிட்டார், அதை அவளாகவே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அக்கா கொடுத்த சுவர்க் கடிகாரம் தானா விழுந்து உடையலை. எனக்கு அதோட சத்தம் பிடிக்கலை. நான்தான் தள்ளிவிட்டேன். போதுமா?"

சரிப்பா சோற்றில் கை வைத்தபடி அவளையே பார்த்தார். அவருக்கு ஆச்சரியம். அவளுக்கோ, சொன்னது போதாது என்று அவர் பார்ப்பதாகப் பட்டது. மறுநாள், பீரோவின் பள்ளம் வீடு மாற்றியபோது வந்ததல்ல, அவருக்குத் தெரியாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன நாட்களில், ஓட்ட வராத ஆத்திரத்தில் தான் உதைத்தது என்று ஒப்புக்கொண்டாள். அதற்கடுத்து, அவருக்குப் பிடித்த பச்சைச் சட்டையைத் திருடன் கொண்டுபோகவில்லை, அது இப்போதும் சமையலறையில் மேடை துடைக்கும் துணியாக இருக்கிறது என்றாள். கடைசியில், "கல்யாணமான புதுசுல நீங்க பாடினீங்களே, நல்லா இருக்குன்னு சொன்னேன். அது பொய்ங்க" என்று சொல்லி அழுதுவிட்டாள். இத்தனை வருடங்களாகக் குளியலறையில் மனமுருகிப் பாடி வந்தவருக்கு அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

சொல்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்ற நாளில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "என்கிட்ட இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். இன்னும் என்ன கோபம்?"

"எனக்கென்ன கோபம்? நீ சொன்னதையெல்லாம் நினைச்சு சிரிச்சுட்டுல்ல இருக்கேன்."

"எங்க சிரிக்கிறீங்க?"

"இதோ."

அவள் உள்ளே போய்க் கைக்கண்ணாடியை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சரிப்பா பார்த்தார். உள்ளே வயிறு குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குள் இருந்தவரோ யாரையோ வேலையை விட்டு நீக்கப் போகிறவர் போல் உட்கார்ந்திருந்தார். இன்னும் பெரிதாகச் சிரித்துப் பார்த்தார். அந்த ஆள் அசையவில்லை.

மறுநாளே நரம்பு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் போனார்கள். அந்த டாக்டர் அவரை எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். டீசல் வாசனை கடைசியாக எப்போது தெரிந்தது என்று கேட்டார். பணிமனையை இப்போதெல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று சரிப்பா பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாசனை தெரியாமப் போறதும் இதோட அடையாளம்தான். இது பார்கின்சன் நோய்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். "மூளைக்குள்ள ஒரு சின்ன இடத்துல கறுப்பு நிறமா கொஞ்சம் நரம்பு செல்கள் இருக்கு. டோபமைன்னு ஒரு சரக்கைத் தயார் பண்றதுதான் அதோட வேலை. உடம்பு அசையணும்னா அந்தச் சரக்கு வேணும். செஞ்ச உடனே அதைச் சின்னச் சின்னப் பைகள்ல அடைச்சு வைக்கணும். பைக்குள்ள இருக்கிற வரைக்கும் அது சாது. பைக்கு வெளிய செல்லுக்குள்ளேயே சிந்திட்டா கெட்டுப்போய் நஞ்சா மாறிடும். நல்லா இருக்கிற செல் அந்த நஞ்சை அப்பப்போ கழுவித் தள்ளிடும். உங்களுக்கு அடைக்கிறதும் சரியா நடக்கலை, கழுவறதும் நடக்கலை. தான் செஞ்ச சரக்காலேயே செல் சாகுது. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இது முக்கியமான காரணம்னு ஆராய்ச்சி பண்றவங்க நினைக்கிறாங்க."

சரிப்பா தனக்குத் தெரிந்த பாஷைக்கு அதை மாற்றிப் பார்த்தார். "வண்டி ரோட்டுல ஓடினா நாலு பேருக்கு உதவி. ஷெட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ளேயே என்ஜினை ஓட விட்டா, புகையில நம்ம மெக்கானிக்கே மயங்கி விழுவான். அப்படித்தானே டாக்டரம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

மனைவி குறுக்கே வந்தாள். "இவரு யார்கிட்டயும் கோபப்படவே மாட்டாரு டாக்டர். எல்லாத்தையும் உள்ளேயே போட்டு அடக்கினதாலயா?"

"கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா."

"அப்ப இவருக்கு என்மேல கோபமே இல்லையா?"

"முகத்துத் தசை இறுகிப் போச்சு. அவ்வளவுதான்."

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "அநியாயமா எல்லாத்தையும் சொல்லிட்டேனே!" என்றாள். வியாதியைவிட அது அவளுக்கு அந்த நிமிடம் பெரிதாகத் தெரிந்தது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

சரிப்பா மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அது உள்ளே போய் டோபமைனாக மாறும் என்றார் டாக்டர். "செல்லைச் சாகடிச்ச சரக்கையே மறுபடி ஏத்துறீங்களா?" என்று இவர் மடக்கினார். டாக்டர் சிரித்தார். "ஆராய்ச்சிக்காரங்களே இதை வச்சு ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. மாத்திரையால வியாதி வேகமாகிறதா நோயாளிகள்கிட்ட தெரியலை. போடாம இருந்தா செல் பிழைக்கும்னும் இல்லை. செத்த செல் திரும்பாது. ஆனா மாத்திரை போட்டா கை கால் இளகும், முகம் இளகும்" என்றார்.

இவ்வளவில் சரிப்பாவின் காதில் தங்கியது முகம் இளகும் என்பது மட்டும்தான். முகம் இளகினால் ஓட்டுநர்களுடைய தாத்தாக்கள் மறுபடி சாகத் தொடங்குவார்கள். கன்ட்ரோலர் அறையில் வேறொருவர் சுழன்றுகொண்டிருப்பார். பதவி கைக்கு வரட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். மனைவி கொடுக்கும் மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிப்போவில் கழிவு எண்ணெய் பீப்பாயில் போட்டார். நஞ்சைத்தானே கொட்டுகிறோம் என்று மனசாட்சிக்குப் பதில் சொல்லிக்கொண்டார். "மாத்திரை போட்டீங்களா?" என்று மனைவி கேட்டால் "ம்" என்பார். எந்தப் பொய்யையும் காட்டிக்கொடுக்காத முகம் அது.

டிப்போவில் யாரிடமும் வியாதியைப் பற்றி மூச்சு விடவில்லை. கால் மட்டும் சில நாட்களாகக் கதவு நிலைகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்போதெல்லாம் அவர் வாசலில் நின்று உள்ளே நடப்பதைக் கவனிப்பது போல் பாவனை செய்தார். நின்று நோட்டம் பார்க்கிறார் என்று உள்ளே இருந்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

கன்ட்ரோலர் பதவிக்கு இவரைப் பார்க்க மேலதிகாரி வரப் போகிற வாரத்தில் ஒரு நாள் காலை. ஒப்பாரி ஜன்னலுக்கு வந்தான். கம்பியைப் பிடித்தான். "அண்ணே" என்றான். சரிப்பா நிமிர்ந்து பார்த்தார். அவன் வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது. மலைப்பாதை வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒப்பாரியையே வாயடைக்க வைத்துவிட்டோமே என்று சரிப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்து அதே கம்பியைப் பிடித்தாள். ஒப்பாரியின் மாமியார். "யாருய்யா இங்க பெரிய மனுஷன்? எம் பொண்ணு ஆஸ்பத்திரியில துடிக்கிறா. விடியறப்பவே வலி எடுத்துருச்சு. லீவு கேட்டுட்டு வரேன்னு போன மாப்பிள்ளை வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாராம். போன் போகலை. குழந்தை குறுக்கே கிடக்குதாம், ஆபரேஷன் பண்ணணுங்கிறாங்க. அவர் வராம உள்ள போக மாட்டேன்னு அவ அடம் பிடிக்கிறா!"

சரிப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் நிஜமாகவே ஓடவில்லை. கைபேசி அணைத்திருப்பது அவர் போட்ட உத்தரவு. வழியில் இருக்கும் பேருந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னார். மாற்று ஓட்டுநருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒப்பாரி இப்போதிருக்கும் பயத்தில் வேறு யார் போய்ச் சொன்னாலும் சாவியைக் கொடுக்க மாட்டான், சோதனை வைக்கிறார்கள் என்று நினைப்பான். இவரே போக வேண்டும்.

சும்மா நின்ற வண்டி ஒன்றைக் கிளப்பச் சொல்லிப் படிக்கட்டுக்கு வந்தார். கால் ஒட்டிக்கொண்டது. ஏற வேண்டும் என்று மனம் சொல்கிறது, கால் கேட்கவில்லை. மாற்று ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த வண்டியின் கண்டக்டருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கைப்பழக்கத்தில் விசிலை வாயில் வைத்து இரண்டு ஊது ஊதினார். வண்டியை நகர்த்தச் சொல்லும் விசில். வண்டி நகர்வதற்கு முன்னால் சரிப்பாவின் கால் நகர்ந்தது. படியில் ஏறினார். "இன்னொரு தடவை ஊது" என்றார். ஊதினார். சரிப்பா உள்ளே வந்துவிட்டார். கண்டக்டர் விசிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மலையடிவார நிலையத்தில் ஒப்பாரியின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பயணிகள் கீழே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த வண்டியிலிருந்து விசில் சத்தத்தோடு, படிக்கொரு விசிலாக, சரிப்பா இறங்கி வருவதை ஒப்பாரி பார்த்தான். கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. எங்க தாத்தா உயிரோடதான் இருக்காரு. ரெண்டு தாத்தாவுமே இருக்காங்க. பெரியம்மான்னு ஒருத்தங்களே எனக்குக் கிடையாதுண்ணே."

"அதெல்லாம் இருக்கட்டும்பா, உன் பொண்டாட்டி..."

இவர் குரல் அவன் காதில் ஏறவில்லை. "மாமா செத்ததும் பொய்தாண்ணே. அன்னைக்குப் படம் பார்க்கப் போனேன்."

"டேய்!" என்று கத்த நினைத்தார். காற்றுத்தான் வந்தது. கண்டக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒப்பாரியின் காதருகில் ஒரு விசில் ஊதினார். அவன் அடங்கினான். சரிப்பா அவன் தோளைப் பிடித்து முகத்தருகில் போய், "உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா. ஆபரேஷன். நீ வந்தாத்தான் உள்ள போவாளாம். ஓடு" என்றார்.

ஒப்பாரி சாவியை மாற்று ஓட்டுநர் கையில் கொடுத்தான். கண்ணில் நீர் முட்டியது.

"ஏம்பா, காலையில ஜன்னலுக்கு வந்தியே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தாண்ணே வந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்தேன். இவர்கிட்ட போய் எதுக்குச் சொல்றதுன்னு தோணிருச்சு."

அவன் எதிர்த்திசையில் புறப்படவிருந்த வண்டியைப் பிடிக்க ஓடினான். மாற்று ஓட்டுநர் மலைவண்டியை எடுத்துக்கொண்டு போனார். சரிப்பா நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் மரியாதை என்று நினைத்து மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது வெறும் பயம் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. பீப்பாய்க்குப் போக வேண்டிய அன்றைய மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

மறுநாள் காலை அவர் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவில்லை. ஓட்டுநர்கள் கூடியிருந்த அறைக்கே போனார். மேனேஜரும் அங்கே இருந்தார். "எல்லாரும் கிட்ட வாங்க, என்னால கத்த முடியாது" என்றார். வந்தார்கள். "எனக்கு யார்மேலயும் கோபமில்லை. இது நரம்பு வியாதி. என் முகம் இப்ப என் பேச்சைக் கேக்கறதில்லை. நான் சிரிச்சாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால முகத்தைப் பார்க்காதீங்க, விஷயத்தைச் சொல்லுங்க" என்றார்.

"குணமாயிடுமாண்ணே?" என்று ஒரு மூத்த ஓட்டுநர் கேட்டார். "முழுசா ஆகாதுப்பா. மாத்திரை போட்டா சமாளிக்கலாம்." கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அப்ப நாளைக்கு லீவு கிடைக்குமாண்ணே? கொழுந்தியாளுக்கு நிச்சயம்." அறை குலுங்கச் சிரித்தது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். கன்ட்ரோலர் பதவியும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

வீட்டில் மனைவியிடம் பீப்பாய் விஷயத்தைச் சொன்னார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாத்திரையைக் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லித் தானே போட்டாள். மாத்திரை பழகப் பழகக் கை கொஞ்சம் இளகியது, குரல் கொஞ்சம் ஏறியது. முகம் என்ன செய்கிறது என்று மட்டும் அவருக்கே தெரியவில்லை. கண்ணாடி பார்க்கவோ பயம்.

ஒப்பாரி ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்கு வந்தான். ஆட்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த வயது. ஜன்னலுக்கு வெளியே நின்று அதன் முகத்தைக் கம்பிக்கு நேரே பிடித்தான். சரிப்பா பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம்பா. பயந்து அழப் போறான்."

"அழட்டும்ணே. நீங்க பாருங்க."

பார்த்தார். சிரித்தார், சிரிப்பதாக நினைத்துக்கொண்டார். குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. எங்கெங்கோ பார்த்துவிட்டு மறுபடி அவர் முகத்துக்கே வந்தது. பிறகு பல்லில்லாத வாயை அகலத் திறந்து சிரித்தது.

"நல்ல பையன். தானாவே சிரிக்கிறான்" என்றார் சரிப்பா.

"இல்லண்ணே" என்றான் ஒப்பாரி. "நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க. நான் பார்த்துட்டேதானே இருந்தேன்."